விழுந்த நாள்

தோளில் அடிபட்டவரைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய மற்றக் கையைப் பார்த்தால் போதும். நல்ல கை அடிபட்ட கைக்குக் காவலாய் நிற்கும்.

ஓக்லாந்தில் மவுண்ட் ரொஸ்கில் பக்கமாக உள்ள ஓர் அவசர மருத்துவ நிலையம். யூலை மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காத்திருக்கும் கூடத்தில் காய்ச்சல்காரக் குழந்தைகளுக்கும் இருமுகிற கிழவர்களுக்கும் நடுவே மூன்று பேர் தோளோடு வந்திருக்கிறார்கள்.

ஒருவன் ரக்பி விளையாட்டுக்காரன். பத்தொன்பது வயதிருக்கும். முழங்கால்வரை சேறு. வலது முன்கையை இடது கையால் ஏந்தியபடி, கதிரையில் சாயாமல் விளிம்பில் இருக்கிறான். பனியன் கழுத்து ஒரு பக்கம் இழுபட்டுக் கிடப்பதால் தோள் நன்றாகத் தெரிகிறது. இடது தோளில் உருண்டு இறங்கும் வளைவு வலது தோளில் இல்லை. அங்கே ஒரு மூலை இருக்கிறது.

அடுத்தவர் சுவர் பூசுகிறவர். உடுப்பெல்லாம் வெள்ளைத் தூள். காறை எலும்பு தோளைத் தொடும் நுனியில் இரண்டு விரலை அழுத்தி வைத்திருக்கிறார். விரலை எடுத்தால் அந்த நுனி தோலுக்கடியில் மேலே எழும்புகிறது. அழுத்தினால் இறங்குகிறது. ஏணியில் இருந்து விழும்போது தோள்முனை நிலத்தில் மோதியிருக்கிறது என்பதை அந்த எலும்பே சொல்லிவிடுகிறது. நுனி இப்படி எழும்பினாலும் இத்தகைய காயங்களில் பெரும்பாலானவை கத்தி படாமலே சுகப்படும். அவருக்குக் கவலை வேறு. தொலைபேசியில் யாருக்கோ திங்கட்கிழமை வேலையைத் தள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாமவர் ஓர் அம்மா. அறுபதைக் கடந்தவர். சேலைக்கு மேல் மகளின் தடித்த கம்பளிச் சட்டை. அதன் வலது கைக்குள் கையை நுழைக்காமல் தோளில் போர்த்தியிருக்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது. இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் மருமகன். மருமகனுக்கு அடுத்த கதிரையில், எட்டு மாதப் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான். குழந்தை நித்திரை. எழுப்பாமல் வைத்திருப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை.

பையனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். எதிர்ப்பக்கச் சிறு அறையின் திரைச்சீலை முழுதாக மூடப்படவில்லை. டொக்டர் தோளை இழுக்கவில்லை. தோளுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தைப் பஞ்சால் தொட்டு “தெரிகிறதா?” என்று கேட்கிறார். மூட்டு முன்பக்கமாக நழுவும்போது அதைச் சுற்றி ஓடும் நரம்பு இழுபடலாம். அந்த நரம்புக்குச் சொந்தமான தோல் அது. விரல்களை விரிக்கச் சொல்கிறார். நாடி பார்க்கிறார். பிறகு எக்ஸ்ரே. எலும்பு உடைந்திருப்பது தெரியாமல் மூட்டை இழுத்தால் உடைவு பெரிதாகலாம்.

படம் எடுத்துத் திரும்பி வந்தவனை நேராக இருத்துகிறார். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்ட வைத்து, அவன் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு எதிரே அமர்கிறார். கழுத்தில் இருந்து தோளுக்கு இறங்கும் தசை, தோளின் மேல்தசை, மேற்கையின் முன்தசை என்று ஒவ்வொன்றாகப் பிசைந்து தளர்த்துகிறார். பேச்சு முழுக்க இன்றைய ஆட்டத்தைப் பற்றியது. “நெஞ்சை நிமிர்த்து. தோளைப் பின்னால் தள்ளு.” சில நிமிடங்கள் போகின்றன. எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மூலை இருந்த இடத்தில் வளைவு வந்துவிட்டதை மட்டும் பார்க்கிறேன். பையன் தன் தோளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கிற முறை ஹிப்போக்கிரட்டீஸ் காலத்தது. இப்படிப் பிசைந்து, மருந்தில்லாமல் ஏற்றுகிற முறையை 2003இல் எழுதி வெளியிட்டவர் நீல் கனிங்ஹாம் என்ற அவுஸ்திரேலிய அவசர மருத்துவர். நோயாளி பயந்து தசையை இறுக்கினால் எந்த முறையும் எளிதில் பலிக்காது. அதனால்தான் அந்த ரக்பிப் பேச்சு.

மூட்டு ஏறியதும் இன்னொரு படம் எடுக்கிறார்கள். நரம்பை மறுபடி சோதிக்கிறார்கள். பிறகு கைத்தூளி. வீட்டுக்கு அனுப்புமுன் டொக்டர் நின்று நிதானமாகச் சொல்வது மிக முக்கியமானது: இந்த வயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடியும் நழுவுவதற்கான சாத்தியம் மிக அதிகம். குழியின் முன்விளிம்பு கிழிந்திருக்கலாம். நோ போய்விட்டது என்று நினைத்து மூன்றாம் கிழமை மைதானத்துக்கு ஓடாதே. பையன் தலையாட்டுகிறான்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். அது உள்ளே வரும்போதே பிழையாகத் தொடங்கியிருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் ‘கியா ஓரா’ என்று வணக்கம் சொல்லிவிட்டு முதலில் கேட்டது பெயரை அல்ல. “விபத்தா, நோயா?” என்றுதான் கேட்டாள். நியூசிலாந்தில் எல்லா மருத்துவ வாசல்களிலும் இருக்கிற கேள்வி அது. மருமகன் திரும்பி, “மாமி, எங்கையும் விழுந்தனீங்களோ?” என்றார்.

“இல்லைத் தம்பி. வயசு நோ. எண்ணெய் பூசினாச் சரிவரும். நீங்கள்தான் வில்லங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்.”

மருமகன் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா குழந்தையைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்து பார்வையாளர் விசாவில் வந்தவர். நோய் என்றால் முழுக் கட்டணம். மருமகன் அட்டையை எடுத்துத் தேய்த்தார். அம்மாவின் கண் அந்த அட்டையிலேயே நின்றது.

விபத்து என்றால் கணக்கு வேறு. 1966இல் நீதியரசர் ஓவன் வூட்ஹவுஸ் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 1967இல் ஓர் அறிக்கை தந்தது. காயப்பட்டவன் யாரில் பிழை என்று நீதிமன்றத்தில் நிரூபித்த பிறகுதான் அவனுக்கு உதவி என்பது நியாயமில்லை, சமூகம் முழுவதும் சேர்ந்து பொறுப்பெடுக்க வேண்டும் என்றது அது. 1972இல் சட்டம் வந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் ஏ.சி.சி. என்று சொல்கிற விபத்து இழப்பீட்டுக் கூட்டுத்தாபனம் அதன் பிள்ளை. காயத்துக்காக வழக்குப் போடுகிற உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலாக, யார் பிழை என்று கேட்காமல் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கு கிடைக்கிறது. உழைப்பவர் வேலைக்குப் போக முடியாவிட்டால் வருமானத்தில் 80 வீதம் கிடைக்கிறது. சுவர் பூசுகிறவருக்கு அது கைகொடுக்கும். இந்த மண்ணில் விழுந்தவர் சுற்றுலாவுக்கு வந்தவரானாலும் சிகிச்சைக்கு இடம் உண்டு. குழந்தை பார்க்க வந்த அம்மம்மாவுக்கும் உண்டு. ஆனால் அவர் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையோடு நானும் போய் மூலைக் கதிரையில் இருந்தேன்.

டொக்டர் நடுத்தர வயதுப் பெண். அவர் தோளைத் தொடவேயில்லை. “போன கிழமை இந்தக் கையால் அலுமாரியின் மேல்தட்டை எட்ட முடிந்ததா?” என்று கேட்டார்.

மருமகன் மொழிபெயர்த்தார். அம்மா யோசிக்கவில்லை. “ஓம், மேல்தட்டில இருந்து மிளகாய்த்தூள் போத்தல் எடுத்துத்தானே சமைச்சனான்.”

“எந்த நாளில் இருந்து முடியவில்லை?”

“செவ்வாய்.”

சொல்லிவிட்டு அம்மா வாயை மூடிக்கொண்டார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். வயசு நோவுக்குக் கிழமை கிடையாது. அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டுதான் வரும். திங்கட்கிழமை போத்தல் எடுத்த கை புதன்கிழமை குழந்தையைத் தூக்கவில்லை என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

கம்பளிச் சட்டையை எடுத்து, சட்டைக் கையை மெதுவாக உயர்த்தினார்கள். மேற்கையின் உட்பக்கத்தில், முழங்கையை நோக்கி, பச்சையும் மஞ்சளுமாய் ஒரு கண்டல் இறங்கியிருந்தது. நாலைந்து நாள் பழசு. தோளுக்குள் கசிந்த இரத்தம் இப்படித்தான் கீழே வடியும். மருமகன் அதைப் பார்த்தார். மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன மாமி இது?”

“சும்மா சறுக்கினது தம்பி. விழுந்ததெண்டு சொல்ல ஏலாது. டெக்கில பாசி. மழை வரப்போகுதெண்டு உடுப்பு எடுக்க ஓடினனான். கம்பியைப் பிடிச்சுப்போட்டன். பிடிக்காட்டித்தான் விழுந்திருப்பன்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா அவள் லீவு போடுவாள். இப்பத்தானே வேலைக்குத் திரும்பினவள். உங்களுக்கும் காசு. இன்சூரன்ஸ் எடுக்கேல்லையெண்டு நீங்கள்தானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

ஓக்லாந்தின் குளிர்கால ஈரத்தில் மரத்தளங்களில் பச்சைப் பாசி பிடிக்கும். இங்கே இருப்பவர்களுக்கு அது பழக்கம். முற்றத்து மணலில் நடந்து பழகிய காலுக்கு அது தெரியாது. விழுகிற உடலின் முழுப் பாரத்தையும் மேலே கம்பியைப் பிடித்த ஒரு கை தாங்கியிருக்கிறது.

அதன்பிறகுதான் பரிசோதனை. நான் பார்த்ததில் அழகான பகுதி அது.

“கையை உயர்த்துங்கள்” என்கிறார் டொக்டர். அம்மாவின் தோள் காதுவரை எழும்புகிறது, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, கை எழும்பவில்லை. இப்போது டொக்டரே அந்தக் கையை எடுத்து மெதுவாக உயர்த்துகிறார். தடையே இல்லாமல் காதுக்கருகே போகிறது. உறைந்துபோன தோள் என்றால் யார் தூக்கினாலும் வராது. இது பிறர் தூக்கினால் வருகிறது, தானாக வரவில்லை. மூட்டில் இறுக்கம் இல்லை. இழுக்கிற கயிறுதான் இல்லை. தோள் மட்டத்தில் கையை நிறுத்தி, “பிடித்து வைத்திருங்கள்” என்று விடுகிறார். கை விழுகிறது. ஓர் அங்குலம் கீழே டொக்டரின் மற்ற உள்ளங்கை ஏந்தத் தயாராக இருந்தது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது.

பிறகு முழங்கையை விலாவோடு வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பி, அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். விட்டதும் முன்கை தானாக வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடுகிறது. அம்மா தன் கையையே ஆச்சரியத்தோடு பார்க்கிறார். உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொன்னபோது மட்டும் நல்ல பலம். இடது கையிலும் இதே வரிசை, ஒப்பிட. கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். விரல் உணர்ச்சி, நாடி.

தோள்மூட்டு சாசரின் மேல் வைத்த தோடம்பழம். பந்து பெரிது, குழி ஆழமில்லை. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. நழுவுவதும் அதனால்தான். பந்தைக் குழியோடு அணைத்துப் பிடித்திருப்பவை தோள்பட்டை எலும்பில் இருந்து வரும் நான்கு தசைகளின் நாண்கள். ரொட்டேட்டர் கஃப் என்று டொக்டர் சொன்னது அவற்றைத்தான். மேலே இருப்பதும் பின்னால் இருப்பதும் அறுந்திருக்கலாம், முன்னால் இருப்பது தப்பியிருக்கிறது என்பது அவர் கணிப்பு. ஒரு படமும் எடுக்காமல், இரண்டு கையையும் இரண்டு கேள்வியையும் வைத்து அவர் வந்து சேர்ந்த இடம் அது.

எக்ஸ்ரேயில் உடைவு இல்லை. மூட்டு இடம்மாறவில்லை. டொக்டர் திரையில் இன்னொன்றையும் காட்டினார். பந்து குழியின் நடுவிலேயே இருக்கிறது. நாண் கிழிந்து வருடக்கணக்கானால் பந்து மெல்ல மேலேறித் தோள்முகட்டு எலும்பை நெருங்கிவிடும். தோள்பட்டையின் பின்பக்கத் தசை வற்றிக் குழி விழும். அம்மாவுக்கு இரண்டும் இல்லை.

இதை அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார் என்பது சட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். 2001ஆம் ஆண்டு விபத்து இழப்பீட்டுச் சட்டம், முழுக்கவோ பெரும்பகுதியோ முதுமையால் வந்த கேட்டைக் காயமாக எடுத்துக்கொள்ளாது. அறுபது தாண்டிய பலரின் தோளில், எந்த நோவும் இல்லாமலே, நாணில் கிழிசல் இருக்கும். வயதோடு அது கூடும். ஆகவே அடுத்த கிழமை எடுக்கிற அல்ட்ராசவுண்ட் கிழிசலைக் காட்டும், ஆனால் அது எப்போது கிழிந்தது என்று உறுதியாகச் சொல்லாது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் எலும்பு நிபுணர் திட்டம் எழுதி ஏ.சி.சி.யின் ஒப்புதலைக் கேட்பார். விழுந்ததால் கிழிந்ததா, ஏற்கெனவே தேய்ந்திருந்ததா என்று அவர்கள் கேட்பார்கள். பதில் இந்த அறையில் எழுதப்படுகிற இரண்டு வரியில் இருக்கிறது.

காயத்துக்கும் முதுமைக்கும் நடுவே இழுத்த இந்தக் கோடு எனக்கு உறுத்துகிறது. உரலும் உலக்கையும் கிணற்றுக் கயிறுமாக உழைத்த தோள் தேய்ந்திருக்காமல் எப்படி இருக்கும்? அதே வீட்டில் ஒருவர் பக்கவாதத்தால் கை விழுந்து கிடந்தால் இந்தக் கதவு திறக்காது, படியில் விழுந்தால் திறக்கும். நோயாளிக்கும் இதே நியாயம் உண்டு என்பது வூட்ஹவுஸுக்குத் தெரிந்தேயிருந்தது. அவர் 2014இல் காலமானார். அந்த மறுபாதி இன்னும் வரவில்லை. ஆனால் இருக்கிற பாதியையாவது எங்கள் அம்மாமார் கையை நீட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். ‘ஒண்டுமில்லை’, ‘வயசுதானே’ என்ற இரண்டு சொல்லில் அவர்கள் சிகிச்சையை மட்டும் இழக்கவில்லை, டொக்டருக்குத் தேவையான முதல் தடயத்தையும் அழித்துவிடுகிறார்கள். திடீரென்று அறுந்த நாணுக்குச் சில வாரங்களே அவகாசம். மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கிப் பின்வாங்கும், அதற்குள் கொழுப்பு ஏறும், பிறகு இழுத்துத் தைத்தாலும் பிடிக்காது. மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் பதிலை மட்டும் மொழிபெயர்க்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று வீட்டிலேயே கேட்டுவிட்டு வாருங்கோ.

டொக்டர் ஏ.சி.சி. படிவத்தைத் திறந்தார். திகதி, இடம், எப்படி நடந்தது. எழுதியதை உரக்க வாசித்து மருமகனைத் தமிழில் சொல்லச் சொன்னார். “ஈரமான மரத்தளத்தில் சறுக்கி விழுந்தார்.”

அம்மா கையை உயர்த்தப் பார்த்து, ஏலாமல், இடது கையை உயர்த்தினார். “அப்பிடியில்லை. வலக்கையாலை கம்பியைப் பிடிச்சனான். தோளுக்குள்ள ‘படக்’ எண்டது. பிறகுதான் முழங்காலில இருந்தனான்.”

மருமகன் சொல்ல, டொக்டர் முதல் வரியை அழித்து முழுவதையும் திருத்தி எழுதினார். அந்த ‘படக்’கையும் சேர்த்து.

சிகிச்சை சின்னது. கைத்தூளி சில நாளுக்கு, நோவுக்கு மட்டும். நாளுக்குப் பலமுறை கழற்றி விரலையும் முழங்கையையும் மடித்து நீட்ட வேண்டும். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். பனடோல். படுக்கும்போது சரிந்து, முழங்கைக்குக் கீழே தலையணை. சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, குளிசை எடுக்கிறார். டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். சீனிக்காரரின் தோள் அசையாமல் கிடந்தால் மற்றவர்களைவிட எளிதில் உறைந்துவிடும். ஸ்டிரொயிட் ஊசி நோவைக் குறைக்கலாம், ஆனால் சீனியை ஏற்றும், தைக்க வேண்டிவரலாம் என்கிற தோளுக்கு இப்போது வேண்டாம். எலும்பு நிபுணருக்கு அவசரக் கடிதம் இன்றே போகிறது.

“ஒட்டகப்புலத்தில எண்டா புக்கை கட்டி விடுவினம்” என்றார் அம்மா. மருமகன் அதைச் சொல்லத் தயங்கினார். டொக்டர் என்னவென்று கேட்டு, சொல்ல வைத்தார். யாழ்ப்பாணத்தில் முறிவு தெறிவுக்குப் பேர்போன ஊர் அது. பலருடைய எலும்பு அங்கே பொருந்தியிருக்கிறது. டொக்டர் சிரிக்கவில்லை. “எலும்பு முறிந்திருந்தால் கட்டி வைக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இங்கே எலும்பு முறியவில்லை. இறுக்கிக் கட்டினால் இந்தத் தோள் உறையும்.” அம்மா கேட்டுக்கொண்டார். நியாயமான பதில் என்பது முகத்தில் தெரிந்தது.

வெளியே வரவேற்பு மேசையில் முதலில் எடுத்த பணத்தைத் திருப்பி, நோயாளியின் பங்காகிய சிறு தொகையை மட்டும் எடுத்தார்கள். சுவர் பூசுகிறவர் கைத்தூளியோடு போய்விட்டார். மருமகன் கைபேசியில் விமானச் சீட்டைப் பார்த்தார். ஓகஸ்ட் கடைசியில் திரும்பும் பயணம். தைத்தால் ஆறு வாரம் கைத்தூளி, பாரம் தூக்க மாதங்களாகும், விசாவும் பார்க்க வேண்டும். “முதல்ல ஸ்கானைப் பாப்பம் மாமி” என்றார்.

“அவளிட்டை நான் சொல்லுறன். நீங்கள் சொல்லாதேங்கோ.”

மகளே அழைத்தாள். வேலை இடைவேளையாக இருக்கும். அம்மா இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார். அதுவரை இல்லாத உரத்த குரல். கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓம் பிள்ளை, விழுந்தனான். செவ்வாய்க்கிழமை. டெக்கில. நாண் அறுந்துபோச்சுதெண்டு நினைக்கினம்... இல்லை, அழாதை. நீ ஒண்டு செய், லீவைப் போடு. குழந்தை தூக்க ஆள் வேணும்.”